சிராமலையில் ஒரு நேர்த்தி

எங்கள் ஊருக்கு மலை இல்லை. விடத்தல்தீவின் கரையில் நின்று நாற்புறமும் நோக்குவார்க்குக் கண்டற்காடும், உவர்நிலமும், அப்பால் வானோடு கலந்து கிடக்கும் ஆழங்குறைந்த கடலுமே தோன்றும். நிமிர்ந்து நிற்பன எனச் சொல்லத்தக்கவை பனைகளும், வழிபாட்டிடங்களின் முகடுகளுமே. விடத்தல் என்னும் முள்மரத்தின் பெயரைத் தாங்கிய அந்த நெய்தல் நிலத்திலே குறிஞ்சித்திணையைக் கற்பிப்பது எளிய காரியமன்று. வரையும், அருவியும், தினைப்புனமும் எம் மாணவர்க்குப் புத்தகத்தில் மட்டும் உள்ளவை.

சென்ற ஆண்டு ஒரு நாள் வகுப்பிலே, மீன்பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "சேர், மலை உச்சியில நிண்டு கீழ பாத்தா, கடல் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். கண்டிக்குப் பேருந்தில் சென்ற அநுபவத்தைக் கொண்டு அவனுக்கு விடை கூற யான் துணியவில்லை. "ஒரு மலை ஏறவேண்டிய கடன் எனக்கு உண்டு. ஏறி வந்து சொல்கிறேன்" என்றேன். வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை. அந்தக் கடன் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

அன்னையின் வேண்டுதல்

எங்கள் வீட்டுப் பூசையறையில் ஒரு பழைய படம் தொங்கிற்று. நடுவே ஒரு பெரும்பாறை, அதன் உச்சியில் ஒரு சிறு மண்டபம், அடியில் ஒரு தெப்பக்குளம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை அது. என் பாட்டியார் தம் இளமையில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் எனத் தலயாத்திரை சென்று வந்தபோது வாங்கிய படம். அக்காலத்து மன்னார் மக்களுக்கு அது பெரும் பிரயாணமன்று. 1914ஆம் ஆண்டு தொடங்கிய புகையிரதமும் கப்பலும் இணைந்த அச்சேவை, தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் ஒரு தெருவின் இரு வாயில்கள் போல ஆக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. எண்பதுகளில் போர் மூண்டபோது அதுவும் நின்றது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் ஏறி இராமேசுவரம் நோக்கிச் சென்றனர். என் தமக்கையார் அப்போது கருவுற்றிருந்தார். அத்தானோ வளைகுடா நாடொன்றில் தொழில் செய்துகொண்டிருந்தார். தந்தையார் நோயாளி. அன்னையார் அவரை விட்டு அகல இயலாது. அக்காவுடன் வள்ளத்தில் யான் போகவேண்டும் என்பதே வீட்டாரின் எண்ணம்.

யான் போகவில்லை. பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பரீட்சை நடக்குமா என்பதே ஐயமாயிருந்தும், நூல்களை விட்டுப் பிரிய எனக்கு மனம் வரவில்லை. "அக்கா அயலவர்களோடு போகட்டும், யான் பின்னால் வருகிறேன்" என்றேன். அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல் வள்ளம் ஏறினார். பின்னால் வருவதாகச் சொன்ன யான் வரவே இல்லை.

அக்கா மண்டபம் முகாமைக் கடந்து திருச்சிராப்பள்ளிப் பக்கத்து முகாம் ஒன்றிற்கு அனுப்பப்பட்டார் என்னும் செய்தி சில வாரங்களிற் கிடைத்தது. அந்த ஊர்ப்பெயர் காதில் விழுந்த அளவில் அன்னையார் பூசையறைக்குச் சென்று அந்தப் படத்தின் முன் நின்றார். "தாயுமானவரே, என்னாலை கடல் தாண்ட ஏலாது. நீர் அங்கையே இருக்கிறீர். என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை நில்லும். ஒரு குலை வாழைப்பழம் கொண்டுவந்து உம்மடை படியேறித் தருவன்" என்று வேண்டிக்கொண்டார். ஐப்பசியிலே ஆண் குழந்தை பிறந்ததை மூன்று மாதங் கழித்தே அறிந்தோம். அன்னையார் தம் பேரனைக் காணாமலே 1997ஆம் ஆண்டு மறைந்தார். நேர்த்தி என்மேல் நின்றது.

போர் 2009ஆம் ஆண்டு ஓய்ந்தது. அதன்பின்னும் யான் காலந் தாழ்த்தினேன். பொருள் முடை, பிள்ளைகளின் படிப்பு, பாடசாலைக் கடமை எனக் காரணங்கள் பல கூறலாம். உண்மைக் காரணம் ஒன்றே: அக்காவின் முகத்தை நேரிற் காண அஞ்சினேன்.

அருகில் உள்ள தூரம்

பெரியபுராணத்திலே ஒரு செய்தி உண்டு. இராமேசுவரத்துக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் ஈழத்துக்கு வரவில்லை. அங்கு நின்றவாறே கடலுக்கு இப்பால் உள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பதிகம் பாடினார். கடல் இடையிட்டும் பாட்டுத் தடைப்படவில்லை. எங்கள் ஊருக்கு அணித்தாய், பாலாவிக் கரையில் விளங்கும் கேதீச்சரத்தைத் தொழும்போதெல்லாம் இந்த நினைவு எனக்கு எழும். பாட்டு ஒரு மூச்சிற் கடந்த அந்தக் கடலை யான் கடப்பதற்கோ, முதலில் நேர் எதிர்த்திசையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. பின்பு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளியில் இறங்கினேன். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் என்பதை எண்ணுங்கால், அருகு எது, தொலைவு எது என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை எனத் தெளிந்தேன்.

ஆடி மாதம். காவிரியில் நீர் பெருகி ஓடிற்று. நகரின் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் அந்தப் பாறை தோன்றியது. சமதரையிலிருந்து திடீரென எழுந்து நிற்கும் தனிக்கல் அது. தொடர்மலை எதனோடும் உறவற்றது. ஏறக்குறைய 83 மீட்டர் உயரம் என்பர். பூசையறைப் படத்தில் உள்ளங்கையளவாய்க் கண்ட பொருள் வானை மறைத்து நிற்கக் கண்டபோது, யான் மலை பார்த்தறியாத சிறுவனாகவே நின்றேன்.

தெப்பக்குளத்தின் அருகே அக்காவும் அவர் மகனும் காத்திருந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரிவின்பின், அக்காவின் முகத்தில் என் அன்னையாரின் முகம் இருந்தது. யான் சொல்லவெனத் தொகுத்து வைத்திருந்த சொற்கள் யாவும் தொண்டையில் நின்றன. "சாப்பிட்டியே தம்பி?" என்றார் அக்கா. அவ்வளவே.

நேர்த்திக்கு வேண்டியதை வாங்கக் காந்தி சந்தைக்குச் சென்றோம். "ஒரு வாழைக்குலை" என்று கேட்டேன். கடைக்காரர் விளங்காமல் நோக்கினார். "மாமா, இங்க தாருன்னு சொல்லணும்" என்று மருமகன் திருத்தினான். பண்டிதனுக்குப் பாடம். கனிந்த தார் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டவன் அவனே. எந்தப் பிள்ளையின் பிறப்புக்காக அந்த நேர்த்தி வைக்கப்பட்டதோ, அந்தப் பிள்ளையே அதனைச் சுமந்து நடந்தான்.

படியும் இருளும்

சின்னக்கடை வீதியின் சந்தடிக்குள்ளே மலையின் வாயில் இருக்கிறது. துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் இடையே நுழைந்தவர், சில அடிகளில் மாணிக்க விநாயகர் சந்நிதியை அடைவர். அக்காவின் முழங்கால்கள் படி ஏற இடந்தரவில்லை. "நான் இஞ்சை பிள்ளையாரடியிலை இருக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்று அமர்ந்துகொண்டார்.

உச்சிவரை நானூற்றுக்கு மேற்பட்ட படிகள். முதற்பகுதி பாறையைக் குடைந்தாற்போன்ற மூடுவழி. இருமருங்கும் காவியும் வெள்ளையும் பூசிய சுவர்கள். வெளியே வெயில் எரிந்தபோதும் உள்ளே கல்லின் குளிர்ச்சி. ஏறுவோர் பலர். அவர்களில் நிறைமாதக் கர்ப்பிணிகளின் அன்னையர் சிலரும், பிறந்த குழந்தையைத் துணியிற் பொதிந்து வரும் பாட்டிமார் சிலரும் இருந்தனர். இவர்களைக் கண்டாலே இம்மலையில் உறைபவர் யார் என்பது விளங்கும்.

இத்தலத்துக்குப் பெயர் பல. திரிசிரன் என்னும் மூன்று தலை அரக்கன் வழிபட்டமையால் திரிசிரபுரம் என்பது புராணம். மலையின் பின்புறத்தில் சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. அங்கே பொறிக்கப்பட்டுள்ள சிரா என்னும் பெயரையும், பள்ளி என்னும் சொல்லையும் இணைத்து ஊர்ப்பெயரை விளக்குவாரும் உளர். எவ்வாறாயினும், பல சமயத்தார் தவஞ்செய்த கல் இது என்பதில் ஐயமில்லை. ஈழத்தார்க்கு இம்மலையோடு நெருங்கிய உறவு ஒன்றும் சொல்லப்படுகிறது. ஆதிசேடனும் வாயுவும் தம்முள் வலிமை காட்டியபோது கயிலையிலிருந்து பெயர்ந்து வீழ்ந்த சிகரங்கள் மூன்று என்றும், அவை திருக்காளத்தியும், திருச்சிராமலையும், எங்கள் திருக்கோணமலையும் ஆயின என்றும் தலவரலாறு கூறும். ஆகவே யான் ஏறியது அயலார் மலையன்று.

இரண்டு தாயர்

மலையின் நடுவிலே தாயுமானவர் திருக்கோயில். வடமொழியார் மாத்ருபூதேசுவரர் என்பர். அம்மை மட்டுவார்குழலி. சம்பந்தரும் நாவுக்கரசரும் பதிகம் பாடிய தலம். பெரிய இலிங்கத் திருமேனி மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறது.

கதை யாவரும் அறிந்தது. ஆயினும் அதனை ஒருமுறை நிதானமாக நோக்கவேண்டும். இவ்வூர்ச் செட்டி ஒருவன் மனைவி இரத்தினாவதி நிறைமாதக் கர்ப்பிணியானாள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்த தாய்க்குச் செய்தி போயிற்று. தாய், மருந்தும் பண்டமும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். காவிரி வெள்ளம் அவளை அக்கரையில் மறித்தது. மகளுக்கோ நோவு கண்டது. அவள் சிவனை நினைந்து அழுதாள். இறைவன் அவள் தாயின் வடிவிலே, அதே மூட்டையோடு, வீட்டு வாயிலில் வந்து நின்றான். பேறு பார்த்தான். மருந்து அரைத்துக் கொடுத்தான். குழந்தையை நீராட்டினான். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் ஓடோடி வந்தாள். ஒரே வீட்டில் ஒரே உருவில் இரண்டு தாயரைக் கண்டு மகள் திகைத்தாள். முன்வந்த தாய் மறைந்தாள். இன்றும் சித்திரைத் திருவிழாவிலே செட்டிப்பெண் மருத்துவம் என இந்நிகழ்ச்சி நடித்துக் காட்டப்பெறுகிறது. சுகப்பேறு வேண்டுவோர் வாழைத்தார் நேர்ந்து செலுத்துவதும் இதனாலேயே.

அருச்சகர் தாரைப் பெற்றுக்கொண்டு, "குழந்தை பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். சொன்னோம். "குழந்தை எங்கே?" என்று கேட்டு எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். தாடி வைத்து, நெற்றி வியர்க்க, ஆறடி உயரத்தில் நின்ற மருமகனை யான் சுட்டிக் காட்டினேன். அருச்சகர் ஒரு கணம் திகைத்து, பின் வாய்விட்டுச் சிரித்தார். சூழ நின்ற பாட்டிமாரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பினூடே தீபாராதனை நிகழ்ந்தது. யான் கண்ணை மூடிக்கொண்டேன். என் முன் தோன்றியது சந்நிதியன்று. பூசையறையில் கைகூப்பி நின்ற அன்னையாரின் முதுகு.

கங்கையைக் கட்டியவன்

அங்கிருந்து மேலேறும் வழியிலே, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். உச்சிக்கு விரைவோரிற் பலர் அதனைத் திரும்பியும் பாரார். தமிழ் பயில்வோர் அங்கே ஒரு நாழிகையேனும் நிற்றல் வேண்டும்.

குகையின் மேற்குச் சுவரில் கங்காதரர் சிற்பம். வானினின்றும் இழியும் கங்கையைச் சிவபெருமான் தம் சடையொன்றை நீட்டி ஏற்கிறார். உலகை அழிக்க வல்ல பெருவெள்ளம் அங்கே கைகூப்பும் ஒரு சிறு பெண்ணுருவாய் இறங்குகிறது. சிற்பத்தின் இருமருங்கும் உள்ள தூண்களில் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் 1890ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதற்றொகுதியில் அவற்றைப் பதிப்பித்தார். அவற்றின் கருத்து மிக இனியது. நதிகளை விரும்பும் தன் நாயகன் காவிரியின் அழகில் மயங்கிவிடுவானோ என மலைமகள் அஞ்சினாளாம். ஆதலால் அவள் இம்மலையிலேயே தங்கி, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். மற்றொரு சுலோகத்திலே, நிலத்திலுள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டின் சிறப்பையும் காவிரியையும் காண்பது எவ்வாறு என இறைவன் வினவினானாம். அதனால் அரசன் முகில் தொடும் இம்மலைக்கோயிலை அமைத்தானாம். குணபரனாகிய மகேந்திரன் பிற நெறியை விட்டுச் சிவநெறி சார்ந்த செய்தி ஒன்றும் இங்கே சிலேடையாக அமைந்திருத்தலை அறிஞர் எடுத்துக்காட்டுவர். அப்பர் வரலாற்றோடு அதனை இணைத்து ஆராய்ந்தோர் பலர்.

தமிழர் நெஞ்சு குளிர மற்றொன்றும் அங்கு உண்டு. வேம்பையர்கோன் நாராயணன் பாடிய சிராமலை அந்தாதி, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுடன், அக்குகையிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு முழு நூல் கற்சுவரில் இருந்து நம்மை நோக்குகிறது! 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து சாம்பலானதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் யான். அந்தக் கல்லெழுத்துகளை விரலால் தொடவும் அஞ்சித் தள்ளி நின்று பார்த்தேன். இந்நகரின் தமிழ்ச்செல்வம் கல்லோடு நின்றதும் அன்று. இந்த இறைவன் பெயரைத் தாங்கிய தாயுமான சுவாமிகள் இங்கே நாயக்க மன்னரிடம் பணிபுரிந்தார். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நகரில் வாழ்ந்து பாடஞ் சொன்னார்.

கங்காதரரை நோக்கி நின்றபோதுதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. வானத்துக் கங்கையை ஒரு சடைக்கற்றையில் கட்ட வல்லவன், காவிரி வெள்ளத்தை ஒரு நொடி நிறுத்தியிருக்கலாகாதா? நிறுத்தியிருந்தால் உண்மைத் தாயே ஆற்றைக் கடந்து மகளிடம் வந்திருப்பாளே! ஆற்றலைக் காட்டும் சிற்பம் மேலே. ஆற்றலைக் காட்டாத கதை கீழே. இரண்டுக்கும் இடையே சில படிகளே உள்ளன.

புராணம் வெள்ளத்தை வெள்ளமாகவே ஓடவிட்டது. ஆறு தன் கடமையைச் செய்தது. இறைவன் அதனோடு போரிடவில்லை. மகளுக்கு அப்போது வேண்டியது எதுவோ அதுவானான். மருந்தரைக்கும் கையும், வியர்வை துடைக்கும் முந்தானையும், "பொறு மகளே" என்னும் குரலும் ஆனான். தாயும் ஆனவன் என்பதில் உள்ள உம்மையை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அன்றுதான் தட்டுப்பட்டது.

உச்சியில்

குகையை விட்டு வெளியேறினால் வெட்டவெளி. பாறையில் செதுக்கிய படிகள் வெயிலிற் சுட்டன. உச்சியில் பிள்ளையார். ஈழத்தார்க்கு இங்கே சிறிது நாணம் உண்டு. இராமனிடம் அரங்கநாதரைப் பெற்று இலங்கைக்குக் கொண்டுசென்ற விபீடணன், காவிரிக்கரையில் ஒரு சிறுவனிடம் அதனைக் கொடுத்து வைத்தான். சிறுவன் அதனை நிலத்தில் வைத்துவிட்டான். பெயர்க்க இயலாமற் போகவே, விபீடணன் சினந்து அவனைத் துரத்தி, இவ்வுச்சியில் பிடித்துத் தலையிற் குட்டினான். அச்சிறுவனே பிள்ளையார். குட்டின் தழும்பு இன்றும் உண்டு என்பர். "நம்ம ஊர்க்காரர் வேலையா மாமா?" என்றான் மருமகன். "ஆம். ஆனால் அரங்கன் இன்றும் தென்திசை இலங்கையை நோக்கியே பள்ளிகொண்டிருக்கிறான்" என்று சமாதானம் கூறினேன்.

வடக்கே நோக்கினோம். காவிரி, அதற்கப்பால் திருவரங்கத்துக் கோபுரங்கள், கிழக்கே ஆனைக்கா, அப்பால் கொள்ளிடத்தின் வெண்கோடு. மேற்கே உறையூர். தென்கிழக்கே பொன்மலை. கரைபுரண்டு ஓடிய ஆடிக் காவிரி அங்கிருந்து பார்க்கையில் ஒரு பெண் உலர்த்தப் போட்ட சேலை போலக் கிடந்தது. தாயை மறித்த வெள்ளமா இது!

மருமகன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். பட்டம் பெற்றவன். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். 1990ஆம் ஆண்டு இந்நகரிலே பிறந்தும் இவன் இந்தியக் குடிமகன் அல்லன். 1987ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருத்தல் வேண்டும் என்பது சட்டம். 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று வழங்கலாயிற்று. பெயர் மாறியது. வீடும் நிலையும் மாறவில்லை.

"நம்ம ஊர் எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டான். தெற்கும் கிழக்கும் கூடும் திசையைக் காட்டினேன். பொன்மலைக்கும் அப்பால் புழுதியும் வெயிலும் கலந்த மங்கலே தெரிந்தது. அவன் நெடுநேரம் அதனைப் பார்த்தான். "கடல் தெரியல" என்றான். அவன் காணாத ஊரை "நம்ம ஊர்" என்றது என் நெஞ்சை அறுத்தது.

அடிவாரத்தில்

இறங்கி வந்தபோது அக்கா பிள்ளையாரடியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். பிரசாதப் பழத்தை அவளுக்கு முதலிற் கொடுத்தார். அவள் போனபின், மேலே எனக்குத் தோன்றிய கருத்தையெல்லாம் அக்காவுக்கு விரித்துரைத்தேன். பண்டிதனுக்கு வேறு என்ன தெரியும்? கங்காதரர், காவிரி, உம்மை என்று பேசிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றேன். "அண்டைக்கு நான் உன்னோடை வந்திருக்க வேணும் அக்கா" என்றேன். முப்பது ஆண்டுகளாகச் சொல்லாத வாக்கியம் அது.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆசுப்பத்திரியிலை எனக்கு நோக் கண்ட இரவு, பக்கத்துக் கட்டில் பிள்ளையின்ரை தாய் ஒருத்தி இருந்தா. லால்குடிப் பக்கத்துக் கிராமம் எண்டு சொன்னவ. தன்ரை மகளைப் பாக்க வந்தவ, விடியுமட்டும் என்ரை கையை விடேல்லை. தன்ரை மகளுக்குக் கொண்டுவந்த கஞ்சியிலை பாதி எனக்கு. பிள்ளையை முதல் தூக்கினதும் அவதான். மூண்டாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போயிட்டா. பேரும் கேக்கேல்லை. தாயுமானவரைப் பாக்க நான் மேலை ஏறத் தேவையில்லை தம்பி. நான் பாத்திட்டன்."

பின்பு, "நீ வரேல்லை எண்டு அழுதது உண்மைதான். இப்ப வந்திட்டாய்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மீதிப் பழங்களை எண்ணி, ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பையிற் கட்டித் தந்தார்.

விடத்தல்தீவுக்குத் திரும்பி, அந்தப் பழங்களை வகுப்பிற் பகிர்ந்தபோது சில கன்றிப் போயிருந்தன. கேள்வி கேட்ட சிறுவன் மறக்கவில்லை. "சேர், மேல நிண்டு பாத்தா, கடல் எப்பிடித் தெரிஞ்சது?" என்றான்.

"கடல் தெரியவில்லை மகனே. ஆறு தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் மிகச் சிறியது. கரையில் நிற்பவளுக்குப் பெரியது" என்றேன். அவன் விளங்கினானோ அறியேன். தன் பழத்தைத் தோலுரித்து, பாதியைப் பக்கத்திலிருந்தவனுக்குக் கொடுத்தான். யான் கரும்பலகையின் பக்கம் திரும்பிக் குறிஞ்சித்திணையைத் தொடங்கினேன்.